ஓடம் வண்டியில் ஏறும் முன்

"ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும்" என்று பெரியவர்கள் சொன்னது மனுஷனுடைய வாழ்வு தாழ்வைப் பற்றி. சென்னைக்காரர்களுக்கு அது 2015 டிசம்பரில் சொல்லுக்குச் சொல் நடந்துவிட்டது. கடலோரக் குப்பங்களில் இருந்து மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் வந்தார்கள். கோட்டூர்புரத்திலும் முடிச்சூரிலும் தெருவில் படகு போனதை டிவியில் பார்த்திருப்பீர்கள். 2018 ஆகஸ்டில் கேரளாவிலும் இதே கதை. கொல்லம், திருவனந்தபுரம் கடற்கரையில் இருந்து படகுகளை லாரியில் ஏற்றி செங்கன்னூர் வரைக்கும் கொண்டுபோய் ஜனங்களை மீட்டார்கள்.

அதற்கப்புறம் நம் ஊரில் மழைக்காலம் வந்தாலே தாழ்வான இடங்களில் படகைக் கொண்டுவந்து நிறுத்துவது வழக்கமாகிவிட்டது. இப்போது குடியிருப்புச் சங்கங்களுக்கும் அந்த ஆசை வந்திருக்கிறது. தப்பு சொல்லவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர், கொரட்டூர் பக்கம் தண்ணீர் நின்ற நிலையைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் நியாயமானது.

போன புரட்டாசியில் எங்கள் பக்கத்துச் சங்கம் ஒன்றில் இருந்து இரண்டு பேர் கள்ளிக்குப்பம் வந்தார்கள். "அண்ணா, சின்னதா ஒரு ஃபைபர் படகும், அதை வெச்சு இழுக்க ஒரு டிரெய்லரும் வாங்கலாம்னு இருக்கோம். தேவைப்பட்டா உங்க டிராக்டர்ல மாட்டி இழுக்க முடியுமா?" என்று கேட்டார்கள்.

"தாராளமா இழுக்கலாம். டிரெய்லர் டயரை யாரு பாத்துப்பீங்க?" என்றேன்.

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். படகுக்கு விலை விசாரித்தாயிற்று, லைஃப் ஜாக்கெட்டுக்கு விசாரித்தாயிற்று, நிறுத்தும் இடம்கூட முடிவாகிவிட்டது. டயரைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. அவர்களுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். ஏனென்றால் வருஷத்தில் பதினொரு மாதம் சும்மா நின்று, ஒரு நாள் அவசரமாக ஓட வேண்டிய வண்டி எப்படிக் கெட்டுப்போகும் என்பது விவசாயிக்குத் தெரிந்த அளவு நகரத்தில் தினமும் கார் ஓட்டுபவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. எங்கள் டிராக்டர் டிரெய்லரும் அறுப்புக் காலத்தில்தான் ஓடும். மற்ற நாளெல்லாம் வேப்பமரத்தடியில் தவம்.

என் கருத்து இதுதான்: ஓடுகிற டயரைவிட நிற்கிற டயருக்குத்தான் கவனிப்பு அதிகம் வேண்டும். அதற்கு ஆள் வைக்க முடியாதவர்கள் படகு டிரெய்லர் வாங்கவே கூடாது.

கேட்டால் வினோதமாக இருக்கும். ஓடினால்தானே தேயும், நின்றால் என்ன கெடும்? இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம்.

டயர் ரப்பரில் வெயிலையும் காற்றில் இருக்கும் ஓசோனையும் தாங்குவதற்காக மெழுகு மாதிரியான சில பொருள்களைக் கலந்திருப்பார்கள். டயர் உருளும்போது ரப்பர் நசுங்கி விரியும். அந்த அசைவில் உள்ளே இருக்கும் மெழுகு மெல்ல மேலே வந்து ஒரு படலமாகப் பரவி ரப்பரைக் காப்பாற்றும். உடம்பு அசைந்தால் தோலில் எண்ணெய்ப் பசை வருகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். நின்றுகொண்டே இருக்கும் டயரில் இந்த வேலை சரியாக நடக்காது. வெயில் படும் பக்கவாட்டில் முதலில் மயிரிழை மாதிரி விரிசல் விடும். கோடைகாலத்து வயல் வெடிப்பைப் பார்த்திருப்பவர்களுக்கு அது உடனே அடையாளம் தெரியும். பட்டன் அப்படியே புதுசாக இருக்கும், பக்கவாட்டு செத்துப்போயிருக்கும்.

காத்தும் குறையும். பஞ்சரே இல்லாத நல்ல டயரில்கூட மாதத்துக்கு ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. தானாக இறங்கும். காரில் இருந்தால் பெட்ரோல் பங்க் போகும்போது சரிசெய்துவிடுவீர்கள். டிரெய்லரை யாரும் பெட்ரோல் போடக் கூட்டிக்கொண்டு போவதில்லை. பத்து மாதம் கழித்துப் பார்த்தால் 35 இருந்தது 20க்கு வந்திருக்கும். அப்படிக் காத்து குறைந்த டயரின் மேல் பாரத்தையும் வைத்து நிறுத்தினால், தரையில் படும் இடம் ஒரே பக்கமாக நசுங்கிக் கிடக்கும்.

அந்த டயரோடு ரோட்டில் ஏறினால் என்ன ஆகும்? காத்து குறைவாக இருப்பதால் ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டு அளவுக்கு மீறி மடங்கி நிமிரும். ஒரு கம்பியை எடுத்து முன்னும் பின்னும் மடக்கிக்கொண்டே இருந்தால் மடங்குகிற இடம் சுடும், அப்புறம் ஒடியும், இல்லையா? அதேதான். சூடு ஏறி, உள்ளே இருக்கும் நூல் அடுக்கும் ரப்பரும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும். கடைசியில் வெடிக்கும். "திடீர்னு வெடிச்சிடுச்சு" என்று சொல்வோம். அதில் திடீர் எதுவும் இல்லை. மாதக்கணக்கில் நடந்த வேலைக்கு அன்றைக்குத்தான் சத்தம் கேட்கிறது.

இன்னொரு சங்கதி. காரிலோ டிராக்டரிலோ முன் டயரில் காத்து இறங்கினால் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுத்துச் சொல்லிவிடும். பின் டயர் என்றால் சீட்டு சொல்லும். டிரெய்லர் டயர் வாய் திறக்காது. அதன் மேல் ஆளே இல்லை. டிராக்டர் சத்தத்தில் பின்னால் என்ன நடக்கிறது என்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது. டயர் கிழிந்து, ரிம் தார் ரோட்டில் உரசி, எதிரே வருகிறவர் கையைக் காட்டின பிறகுதான் தெரியும். நெல் மூட்டை என்றால் ஓரம் கட்டி ஒரு மணி நேரம் நின்றுகொள்ளலாம். மொட்டைமாடியில் ஆள் காத்துக்கொண்டிருக்கும்போது அந்த ஒரு மணி நேரத்துக்கு யார் பதில் சொல்வது?

எங்கள் பக்கத்தில் டிரெய்லர் டயருக்கு ஒரு தலையெழுத்து உண்டு. லாரியில் ஓடித் தேய்ந்த மொட்டை டயர் கடைசியாக வந்து சேருகிற இடம் டிரெய்லர்தான். "மெதுவாத்தானே போகப் போவுது" என்பது அதற்குச் சொல்லும் சமாதானம். அம்பத்தூரில் டன்லப் தொழிற்சாலை மூடி எத்தனையோ வருஷம் ஆகியும் பஸ் ஸ்டாப் டன்லப்தான். டயர் பெயரில் ஸ்டாப்பிங் இருக்கிற ஊரிலேயே டிரெய்லருக்குப் புது டயர் கேட்டால் சிரிக்கிறார்கள். மாட்டுவண்டி டயர் என்றே தனியாக விற்கிறது. டயர் வண்டிக்கென்று, மெதுவாகப் போகும் வண்டிக்கென்று செய்தது. அதை டிரெய்லரில் மாட்டி ஜீப்பில் கட்டி வெளிவட்டச் சாலையில் அறுபதில் இழுத்தால் தப்பு டயர் மேல் இல்லை.

வாங்குகிறவர்கள் முதலில் டயரின் வயசைப் பாருங்கள். எனக்கு இதைப் பழக்கிவிட்டவர் எங்கள் பஞ்சர் கடைக்காரர். "பட்டனைப் பாக்காதீங்கண்ணே, ஜாதகத்தைப் பாருங்க" என்பார். பக்கவாட்டில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். 2319 என்று இருந்தால் 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் பிறந்த டயர் என்று அர்த்தம். ஐந்து வருஷத்தைத் தாண்டிவிட்டால் வருஷத்துக்கு ஒரு தடவை விவரம் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும், பத்து வருஷம் ஆகிவிட்டால் பார்க்க எப்படி இருந்தாலும் கழற்றிவிட வேண்டும் என்பது டயர் கம்பெனிகள் பலவும் சொல்லும் கணக்கு. கார் டயர் அதற்கு முன்னாலேயே தேய்ந்து போய்விடும், அதனால் நமக்கு இந்த வயசுக் கணக்கே தேவைப்படுவதில்லை. படகு டிரெய்லர் டயர் தேயாது. வயசாகித்தான் சாகும். அமெரிக்காவில் கோடையில் மட்டும் ஏரிக்குப் படகை இழுத்துக்கொண்டு போய் மற்ற மாதங்களில் வீட்டு வாசலில் நிறுத்திவைப்பவர்கள் ஏராளம். அவர்களும் பட்டன் குறையாத டயர் நடுரோட்டில் கிழிந்துதான் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டார்கள்.

அடுத்தது பாரம். எல்லா டயருக்கும் தாங்கும் அளவு என்று ஒன்று உண்டு. கார் டயரில் அளவுக்குப் பக்கத்தில் இரண்டு எண்ணும் ஒரு எழுத்தும் இருக்கும். 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும், 91 என்றால் 615 கிலோ. இப்போது ஒரு மனக்கணக்கு போடுவோம். படகு 300 கிலோ. மோட்டார், பெட்ரோல், கயிறு, ஜாக்கெட் எல்லாம் சேர்த்து 100. டிரெய்லர் 250. மொத்தம் 650. இரண்டு டயர், ஆளுக்கு 325. 82 போட்ட டயரே போதும், மிச்சமும் இருக்கிறது.

சரி, மழை பெய்கிறது. படகை மூடவில்லை. படகு என்பது என்ன? தண்ணீர் உள்ளே வராமல் இருக்கச் செய்த பாத்திரம். உள்ளே பெய்த தண்ணீரையும் அது வெளியே விடாது. நாலு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், பத்து சென்டிமீட்டர் தண்ணீர். 600 லிட்டர், அதாவது 600 கிலோ. ஒரே நாளில் பத்து சென்டிமீட்டர் மழை நமக்கு ஒன்றும் புதுசில்லை. இப்போது மொத்தம் 1250. ஒரு டயருக்கு 625. 475 தாங்குகிற டயர், அதுவும் காத்து குறைந்து வெயிலில் வெடித்துக் கிடக்கிற டயர், இதைச் சுமந்துகொண்டு நிற்கிறது. படகு எதற்கு வாங்கினோமோ அந்த மழையே அதை நகரவிடாமல் செய்துவிடும். இத்தனைக்கும் வேண்டியது ஒரு தார்ப்பாயும், படகின் அடியில் இருக்கும் தக்கையைத் திறந்துவைக்கிற புத்தியும்தான். திறந்ததைத் தண்ணீரில் இறக்கும் முன் மறுபடி அடைக்கவும் ஆள் வேண்டும். அந்தத் தக்கையை டிரெய்லர் கொக்கியிலேயே ஒரு கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள்.

டயர் கெடுவதற்கு டயர் மட்டும் காரணம் இல்லை. படகு டிரெய்லரைத் தண்ணீருக்குள் இறக்கித்தான் படகை மிதக்கவிட வேண்டும். கொஞ்ச தூரம் வேகமாக ஓடிவந்த சக்கரத்தின் ஹப் சூடாக இருக்கும். சூட்டோடு தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். ஆயில் சீல் தேய்ந்திருந்தால் தண்ணீர் உள்ளே இழுக்கப்படும். கிரீஸ் மோர் மாதிரி வெளுத்துப்போகும். அப்படியே கழுவாமல் நிறுத்திவைத்தால் அடுத்த மழைக்குள் பேரிங் துருப்பிடித்திருக்கும். அப்புறம் ஓடும்போது அது இறுகி, சக்கரம் சுற்றாமல் இழுபட்டு, டயர் எரியும். பார்க்கிறவர் டயர் வெடித்தது என்பார். கெட்டது பேரிங். ஆகவே தண்ணீரில் இறக்கும் முன் கொஞ்ச நேரம் ஆறவிட வேண்டும். ஒவ்வொரு தடவை தண்ணீரில் இறங்கி வந்த பிறகும் ஹப்பைத் திறந்து பார்த்துப் புது கிரீஸ் வைக்க வேண்டும்.

இதெல்லாம் புதுசாகக் கண்டுபிடித்த ஞானம் என்று நினைக்காதீர்கள். நிற்கிற வண்டியைக் காப்பாற்றும் வித்தை நம் ஊரில் ரொம்பப் பழசு. கட்டை வண்டிக் காலத்தில் கோடை வந்தால் சக்கரத்து மரம் காய்ந்து சுருங்கும், மேலே இருக்கும் இரும்புப் பட்டா தளர்ந்து கழன்றுவிடும். அதனால் சக்கரத்தைக் குளத்திலோ வாய்க்காலிலோ ஊறப்போடுவார்கள். மரம் உப்பிப் பட்டாவை இறுக்கிக்கொள்ளும். வேலை இல்லாத நாளில் வண்டியைப் பாரத்தோடு நிறுத்தமாட்டார்கள், நுகத்தடியைத் தரையில் போடமாட்டார்கள், முட்டுக்கொடுத்து நிழலில்தான் விடுவார்கள்.

அதைவிடப் பெரிய உதாரணம் கோயில் தேர். வருஷத்தில் ஒரு நாள், மிஞ்சினால் சில நாள் ஓடுகிற வண்டி. மற்ற நாளெல்லாம் நிலையில் நிற்கும். ஆனால் தேரோட்டத்துக்கு முன்னால் என்ன செய்கிறோம்? பொதுப்பணித் துறை இன்ஜினியர்கள் வந்து சக்கரம், அச்சு எல்லாம் பார்த்துச் சான்று கொடுத்த பிறகுதான் வடத்தைத் தொடவிடுகிறார்கள். திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரமும் பிரேக்கும் திருச்சி பெல் நிறுவனம் செய்து கொடுத்தது. "போன வருஷம் ஓடிச்சே, இந்த வருஷமும் ஓடும்" என்று எந்த ஊரிலும் தேரை இழுப்பதில்லை. சாமிக்குச் செய்கிற அந்தச் சோதனையில் கால்வாசியை ஆளைக் காப்பாற்றுகிற வண்டிக்குச் செய்தால் போதும்.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்ட அந்தச் சங்கத்துக்காரர்களுக்கு நான் சொன்னது இது. டிரெய்லரை வெறும் மண்ணில் நிறுத்தாதீர்கள். அச்சுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, கட்டை முட்டுக்கொடுத்து, டயர் தரையில் படாமல் விடுங்கள். முடியாவிட்டால் பலகை மேலாவது நிறுத்தி, மாதம் ஒரு தடவை கொஞ்சம் உருட்டி இடம் மாற்றுங்கள். டயரைக் கோணிப்பை போட்டு வெயில் படாமல் மூடுங்கள். மண்ணெண்ணெய், டீசல் தொட்டுத் துடைத்துப் பளபளப்பு காட்டாதீர்கள், அது ரப்பரைத் தின்றுவிடும். காத்தை மாதாமாதம் பாருங்கள், வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது பாருங்கள். வால்வு மூடி சின்னச் சாமான்தான், ஆனால் அது இல்லையென்றால் மண் புகுந்து வால்வு கசியும். ஸ்டெப்னி கட்டாயம். அதற்கும் அதே வயசுக் கணக்குதான். டிராக்டர் ஸ்பேனர் டிரெய்லர் நட்டுக்குச் சேராது, டிரெய்லருக்கென்று ஸ்பேனரும் ஜாக்கியும் அதோடேயே இருக்க வேண்டும். வெள்ளத்தில் இழுக்கும்போது ஆள் நடக்கிற வேகம் போதும். தண்ணீருக்கு அடியில் பள்ளமும் உடைந்த ஸ்லாபும் இருக்கும், பக்கவாட்டு ஒரு தடவை கிழிந்தால் பஞ்சர் ஒட்டி ஓட்ட முடியாது.

எல்லாம் கேட்டுவிட்டு ஒருவர் சொன்னார்: "இவ்வளவு வேலையா அண்ணா? அரக்கோணத்துல இருந்து பேரிடர் மீட்புப் படை வந்துடுவாங்களே?"

வருவார்கள். தேசிய பேரிடர் மீட்புப் படையின் நாலாவது பட்டாலியன் அரக்கோணத்தில் இருப்பது நம் பக்கத்துக்குப் பெரிய பலம். ஆனால் ஊர் முழுக்கத் தண்ணீர் நிற்கும்போது எல்லாத் தெருவுக்கும் ஒரே நேரத்தில் யாராலும் வர முடியாது. முதல் சில மணி நேரம் பக்கத்து வீட்டுக்காரர்தான் துணை. அதனால் படகு வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். டிரெய்லர்தான் வேண்டுமா என்று யோசியுங்கள் என்கிறேன்.

2015இல் நம் மீனவர்களும் 2018இல் கேரள மீனவர்களும் படகை ஏற்றியது லாரியில். லாரி தினமும் ஓடுகிற வண்டி. டிரைவர் காலையில் எழுந்ததும் டயரைத் தட்டிப் பார்ப்பார், சத்தத்திலேயே காத்து எவ்வளவு என்று சொல்வார். அது அவர் பிழைப்பு. படகு போய்ச் சேர்ந்ததில் அந்தக் காலைத் தட்டலுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் எண்ணம். உங்கள் சங்கத்தில் டிரெய்லரைப் பார்த்துக்கொள்ள, பெயர் சொல்லி ஒரு ஆளை நியமிக்க முடிந்தால் வாங்குங்கள். "எல்லாரும் சேந்து பாத்துப்போம்" என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று அர்த்தம். ஊர்ப் பொதுக் கிணறு தூர்ந்துபோன கதையெல்லாம் அப்படித்தான். அந்த ஆள் இல்லையென்றால், பேசாமல் படகை மட்டும் வாங்கி ஷெட்டில் வையுங்கள். உங்கள் தெருவில் தினமும் ஓடும் குட்டி யானைக்காரர் ஒருவரிடமோ லாரிக்காரர் ஒருவரிடமோ முன்கூட்டியே பேசி வையுங்கள். படகு அதில் உட்காருமா, எத்தனை பேர் சேர்ந்து தூக்க வேண்டும், எங்கே கயிறு கட்ட வேண்டும் என்று மழைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

டிரெய்லர்தான் என்று முடிவு செய்தவர்களுக்கு நம் காலண்டரிலேயே ஒரு நாள் தயாராக இருக்கிறது. ஆயுத பூஜை. வடகிழக்குப் பருவமழை ஆரம்பிக்கச் சில நாளோ சில வாரமோ இருக்கும்போது வருகிற பண்டிகை. அன்றைக்கு எல்லா வண்டியையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுகிறோம். அந்தப் பழத்தை வைக்கக் குனிகிறபோதே நாலு எண்ணைப் படியுங்கள், பக்கவாட்டைக் கையால் தடவி விரிசல் பாருங்கள், காத்து அளந்து எழுதிவையுங்கள், ஸ்டெப்னியை இறக்கித் தட்டுங்கள். அப்புறம் வண்டியை மாட்டித் தெருக்கோடி வரைக்கும் இழுத்துத் திரும்பி வாருங்கள். ஹப்பில் கை வைத்துப் பாருங்கள், சுட்டால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அரை நாள் வேலை.

ஐப்பசி மழை இறங்கிவிட்டால் எங்கள் பக்கத்துப் பஞ்சர் கடையில் கம்ப்ரசருக்குக் கரண்ட் இருக்காது.